முப்பதாம் எண் வயிறு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து. மூடியில் 30 என்று எண் ஒட்டியிருந்தது. உள்ளே என்ன இருந்தது என்பதை எழுதத்தான் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் முயற்சி: அந்த டப்பாவுக்குள் என்னுடைய

இரண்டாம் முயற்சி: ஒரு மனிதன் கழித்துவிட்டுப் போவதெல்லாம் ஒரு விதத்தில் அவனுடைய

வேண்டாம். ‘மலம்’ என்று எழுதினால் பாடப்புத்தக வாடை அடிக்கிறது. குழந்தைகளிடம் சொல்லும் சொல்லை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் இனிமேல் என் போனை எடுக்க மாட்டார். ‘சாம்பிள்’ என்றே வைத்துக்கொள்வோம். ஆய்வகத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள், முகத்தைச் சுளிக்காமல்.

2

இனி அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள், குடல் ஆராய்ச்சியாளர். மனிதர்கள் என்ன சாப்பிட்டால் குடலில் என்னென்ன கிருமிகள் குடியிருக்கும் என்பதை நான்கு வருடமாகத் துருவிக்கொண்டிருக்கிறாள். முப்பது பேர், பதினான்கு நாள். சாப்பிட்டதையெல்லாம் போனில் ஒரு படிவத்தில் எழுத வேண்டும். சாம்பிள் கொடுக்க வேண்டும். இருபத்தொன்பது பேர் சேர்ந்தாயிற்று. முப்பதாவது ஆள் டப்பாவைப் பார்த்ததுமே ஓட்டம் பிடித்துவிட்டார்.

“டேய், ஒரே ஒரு ஆள் குறையுது. நீ வாயேன்.”

“நான் என்ன செய்யணும்?”

“சாப்பிடணும், எழுதணும். ரெண்டும் நீ செய்யறதுதானே?”

“மூணாவதா ஒண்ணு இருக்குமே.”

“அதுவும் நீ தினமும் செய்யறதுதான். பிகு பண்ணாதே.”

(சொந்தத் தம்பியை ஆய்வில் சேர்க்கலாமா என்று ஒரு வாசகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொள்வது தெரிகிறது. பேரை மறைத்து, சேர்ந்த வரிசை பார்க்காமல் எண் கொடுத்தது ஒரு நர்ஸ். முப்பது பேரில் நானும் ஒருவன் என்பது அக்காவுக்குத் தெரியும். எந்த எண் என்று தெரியாது. போதுமா?)

3

நான் தனியாக இருக்கிறவன். “சமைச்சியா?” என்று அக்கா போனில் கேட்கும்போதெல்லாம் “ஆச்சு, ஆச்சு” என்பேன். முதல் நாள் படிவத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதினேன். காலை: டீ, பிஸ்கட் நாலு. மதியம்: பன். இரவு: டீ, பிஸ்கட் ஆறு. எழுதியதைத் திரும்பப் படித்தேன். எனக்கே பாவமாக இருந்தது. அழித்துவிட்டு, காலை என்ற இடத்தில் ‘கேரட், பீன்ஸ், கொஞ்சம் கீரை’ என்று போட்டேன்.

அப்புறம் கை நிற்கவில்லை. எழுத்தாளன் கையில் காலிக் கட்டத்தைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? பதினான்காம் நாள் முடிவதற்குள் முப்பத்தொரு காய்கறிகளைச் சமைத்துத் தின்று தீர்த்திருந்தேன், பிஸ்கட்டைக் கடித்தபடியே. ‘பிற குறிப்புகள்’ என்ற இடத்தில், “இன்று கத்தரிக்காய் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, தீயைக் குறைத்ததும் வழிக்கு வந்தது” என்றெல்லாம் எழுதினேன். அக்கா என் கதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. படித்திருந்தால் அந்த ஒரு வரியிலேயே பிடித்திருப்பாள்.

4

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. அவளுக்குத் தட்டில் கவனமே இல்லை.

“முப்பதாம் நம்பர்னு ஒருத்தர் இருக்கார்டா. வயிறு இல்ல அது, அதிசயம்! பதினாலு நாள்ல முப்பத்தொரு காய் சாப்பிட்டிருக்கார். மத்தவங்க யாரும் பதினஞ்சத் தாண்டல. ஆனா குடலைப் பார்த்தா, ஏதோ டீயும் பிஸ்கட்டும் மட்டுமே தின்னு உயிர் வாழற ஆள் மாதிரி இருக்கு!”

எனக்குப் புரையேறியது. அக்கா தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

“அந்தாளு புளுகியிருப்பாரோ?” என்றார் மாமா. அக்கா வீட்டுக்காரர், கணக்கு வாத்தியார். காலாண்டுக்கு ஒருமுறைதான் வாயைத் திறப்பார், அன்றைக்கென்று திறந்தார்.

“அவர் எழுதினதைப் படிச்சிருந்தா இப்படிப் பேச மாட்டீங்க. கத்தரிக்காயைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கார் பாருங்க. சமைக்காத ஆளால அப்படி எழுதவே முடியாது!”

பதினைந்து வருடமாக எழுதுகிறேன். இப்படி ஒரு விமர்சனம் எனக்கு வந்ததே இல்லை. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், “இன்னொரு தடவை சொல்லு, அந்த வரி எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். என்னைச் செருப்பாலடித்தாலும் தகும்.

வருகிற வெள்ளிக்கிழமை ஒரு பெரிய கூட்டத்தில் அக்கா பேசுகிறாள். காய்கறி எதுவும் ஒட்டாத குடல் என்று ஒரு புதுக் கொள்கையே தயார். “நாலு வருஷ உழைப்புக்கு இப்பதான்டா ஒரு அர்த்தம் வந்திருக்கு” என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

5

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

அ) தம்பி உண்மையைச் சொல்கிறான். அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். (எழுதிப் பார்த்தேன். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை. என் அக்கா அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை.)

ஆ) தம்பி வாயே திறக்கவில்லை. கூட்டத்தில் கைதட்டல். பின்வரிசையில் ஒரு நரைத்தலை எழுந்து, “அந்த முப்பதாம் எண்ணை நாங்களும் ஒருமுறை சோதிக்கலாமா?” என்று கேட்கிறது. மேடையில் அக்கா

(இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.)

இ) முப்பதாம் எண் திடீரென்று செத்துப்போகிறார். ஓர் ஆளை என்ன செய்வதென்று தெரியாதபோது கொன்றுவிடுவது எங்கள் தொழிலில் சகஜம். ஆனால் முப்பதாம் எண் நான்தான் என்பதால் இதைக் கைவிடுகிறேன்.

இந்தத் தம்பி பாத்திரத்தின் மீதே எனக்கு ஒரு சந்தேகம். எதற்குப் பயப்படுகிறான்? பொய் சொன்னதற்கு அக்கா திட்டுவாள். திட்டு அவனுக்குப் பழக்கம். ஆனால் தம்பி இப்படித்தான் சாப்பிடுகிறான் என்று தெரிந்தால் அவள் அழுவாள். பயம் அதற்குத்தான். இதை எழுதி முடிக்கும்வரை எனக்கே இது தெரியாது.

6

இன்று புதன். காலை பத்து மணிக்கு, மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் அக்காவின் போனுக்கு அனுப்பினேன். அவள் படிக்கிற என் முதல் கதை.

பத்தே முக்காலுக்குப் போன் அடித்தது. எடுத்தேன். ஆய்வகத்து மெஷின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“அக்கா, நான் வந்து…”

“வாயை மூடு.”

மூடினேன்.

“வெள்ளிக்கிழமை விஷயத்தை நான் பாத்துக்கறேன். அது என் வேலை.” மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “இன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டே? கதை விடாம சொல்லு.”

வாசகரே, வெள்ளிக்கிழமையை உங்களிடமே விடுகிறேன். இருபத்தொன்பது பேரை மட்டும் வைத்துக்கொண்டு அவள் சப்பென்று பேசி இறங்கலாம். ‘மனிதர்கள் ஏன் உணவைப் பற்றிப் பொய் எழுதுகிறார்கள்’ என்று தலைப்பையே மாற்றி அரங்கத்தை அதிரவைக்கலாம். மாமா முன்வரிசையில் உட்கார்ந்து “நான் அன்னிக்கே சொன்னேன்” என்று முணுமுணுக்கலாம். உங்கள் இஷ்டம்.

அவள் கேட்ட கேள்விக்கான பதிலை மட்டும் உங்களுக்குத் தர மாட்டேன். அது அக்கா கேட்டது, அவளிடம் சொன்னேன். நாலு வருடமாக மற்றவர்கள் சாப்பிட்டதையெல்லாம் கணக்கெடுக்கிறவள், அதை எழுதிக்கொள்ளவில்லை.