நூர் இறங்கிய கால்

மறுநாள் காலை பத்து மணிக்குக் கலந்தரின் இடது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுப்பதென்று ஆஸ்பத்திரியில் தீர்மானமாகிவிட்டது.

பதினாலு மாதத்துக்கு முன் கரையில் படகு உருண்டு முறித்த கால் அது. தகடு வைத்துப் பூட்டினார்கள். எலும்பு கூடியது, புண் கூடவில்லை. எத்தனை ஊசி போட்டும் கணைக்காலில் சின்னதாய் ஒரு வாய் திறந்தபடியே கிடந்து சீழ் கக்கியது.

"முழங்காலயாவது விட்டுத்தாங்க டொக்டர். கரைவலை இழுக்கிறவன்ட பலம் கையில இல்ல, கால்லதான்," என்று மன்றாடிப் பார்த்தான்.

"கிருமி எதுவரைக்கும் ஏறியிருக்கெண்டு தெரியாம எப்படி விடுறது?" என்றார் டொக்டர்.

அதைப் பார்க்கத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து யசோதினி ஒரு கமராப் பெட்டியோடு வந்திருந்தாள். காரைதீவுப் பிள்ளை.

"காக்கா, இது மருந்தில்ல, சுகமாக்காது. காட்ட மட்டுந்தான் காட்டும். அதுவும் இன்னும் பரிசோதனையிலதான் இருக்கு," என்று அண்ணன் முறை வைத்து இரண்டு தரம் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள்.

"என்னத்தக் காட்டும் மிஸ்?"

"படகுக்கு அடியில பாசி பிடிக்குமே, அது மாதிரி உங்கட தகட்டில கிருமி பிடிச்சிருக்கு. மருந்து மேலால வழுகிப் போகுது. அந்தப் பாசிக்குள்ள ஒரு புளிப்பு. இந்தப் போத்தல் குழம்பில கண்ணுக்குத் தெரியாத துணிக்கை இருக்கு. புளிப்புப் பட்டாத்தான் அது வெளிச்சம் விடும்."

கலந்தருக்குப் பாசி விளங்கியது. வருசக்கணக்காய்ச் சுரண்டியவன். பக்கத்தில் நின்ற மனைவி றுகையாவுக்குக் கடைசியாய்ச் சொன்ன வெளிச்சம் மட்டுமே விளங்கியது.

புண்வாய்க்குள்ளும் முழங்காலைச் சுற்றி நாலு இடத்திலும் குழம்பை ஊசியால் ஏற்றினாள் யசோதினி. ஒரு மணித்தியாலம் பொறுத்து, ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிக் கமராவைப் பிடித்தாள். திரையில், கணைக்காலின் நீளத்துக்குப் பச்சையாய் ஒளி எழும்பியது.

றுகையா பாய்ந்தெழும்பினாள். "அல்ஹம்துலில்லாஹ்! நாப்பத்தொரு யாசீன் ஓதி ஊதினன், வீணாப் போகல்ல. இஞ்சப் பாருங்க, ஒங்கட கால்ல அல்லாஹ்ட வெளிச்சம், நூர் இறங்கிட்டு!"

அதே கையோடு தங்கச்சிக்குப் போன் அடித்தாள். "றஸ்னா, கால் தப்பிட்டுகா! உம்மாட்டயும் சொல்லு!"

கலந்தர் அழுதுகொண்டே சிரித்தான். "எண்ட இடத்துக்கு வேற ஆளப் போட்டானே எங்கட வலைக்குத் தலைவன், தண்டயல் பஸால், அவனுக்கும் சொல்லு. வலை வடத்தக் கீழ வெச்சிட்டு எழும்பச் சொல்லு அந்த ஆள!"

யசோதினி சிரிக்காமல் கமராவைக் கீழே வைத்தாள். கலந்தர் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"அக்கா, போன வையுங்க," என்றாள் அவள். "வெளிச்சம் நல்லதில்ல. வெளிச்சம் உள்ள இடமெல்லாம் கிருமி. நான் ஒழுங்கா விளங்கப்படுத்தல்ல. பிழை என்னிலதான்."

போனை நிறுத்த யாருக்கும் கை வரவில்லை. றஸ்னாவின் 'சுப்ஹானல்லாஹ்' அதற்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் கலந்தர்தான் கேட்டான். "அப்ப இருட்டு?"

"ஊசி போட்ட இடம் இருட்டெண்டா, அங்க பாசி பிடிக்கல்ல எண்டுதான் நினைக்கிறம்."

"வெளிச்சம் எந்த மட்டும் இரிக்கி?"

அவள் அளந்தாள். "முழங்காலுக்கு நாலு விரல் கீழ நிக்குது."

கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தான். "அந்த நாலு விரலக் கொண்டுபோய் டொக்டருக்குக் காட்டுங்க மிஸ். முழங்கால் ஒண்டு மிஞ்சினா நெத்திய நிலத்தில வெச்சு ஸுஜூது செய்வன். பொய்க்கால் போட்டாவது வடம் பிடிப்பன்."

டொக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இத மட்டும் நம்பி வெட்ட ஏலாது. முதல்ல அந்த இடத்தத் திறந்து பாப்பன். சுத்தமெண்டா முழங்கால விடுவன். காலையில இன்னொருக்காப் படம் பிடிங்க. வெளிச்சம் முழங்காலுக்கு ஏறியிருந்தா, பிறகு கதைக்க ஒண்டுமில்ல."

காலையில் திரும்பவும் ஜன்னலை மூடினார்கள். றுகையா கையேந்தினாள். கபுறுக் குழிக்கும் வெளிச்சம் கேட்டுத்தான் இத்தனை காலமும் துஆச் செய்திருந்தாள். இன்றைக்கு வாய் தடுமாறியது.

"யா அல்லாஹ், இருட்டாவே வை."

யசோதினி அளந்தாள். திரும்பவும் அளந்தாள்.

"மூண்டு விரல்."

ஒரே நாளில் ஒரு விரல் ஏறியிருந்தது.

"முழங்காலுக்கு இன்னும் ஏறல்ல. ஆனா பத்து மணி வரைக்கும் நிக்க ஏலாது," என்றார் டொக்டர். "இப்பவே கொண்டு போங்க."

கட்டிலை உருட்டினார்கள். நடையில் வரிசையாய் லைட்டுகள் எரிந்தன. றுகையா முந்தானையை இழுத்து அந்த முழங்காலை மூடி, ஒரு பொட்டு வெளிச்சமும் படவிடாமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி, ஒப்பரேஷன் தியேட்டர் வாசல் வரை கூடவே ஓடினாள்.