உட்பக்கத்து மரு

லிஃப்ட் கதவில் 'சரக்கு மட்டும்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதனால் உப்புத்தாள் அக்கா தினமும் படியேறித்தான் வேலைக்கு வந்தாள். மூன்று மாடி, ஐம்பத்து நான்கு படி. நல்ல காலை முதலில் வைப்பாள், பட்டை கட்டிய வலது காலைப் பின்னால் இழுத்துக்கொள்வாள், இரண்டு பாதமும் ஒரே படியில் சேர்ந்த பிறகுதான் அடுத்தது. மூச்சு வாங்கும். வாங்கினாலும் ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் மேஜையில் இருப்பாள்.

கம்பெனி, முட்டி ஆபரேஷன் செய்யும் டாக்டர்களுக்குக் கைடு செய்து கொடுப்பது. முட்டிக்குள் ஜவ்வு அறுந்தவர்களுக்கு, வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து எலும்பில் துளை போட்டு மாட்டிவிடுவார்கள். துளை எந்த இடத்தில், எந்தச் சாய்வில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது தப்பினால் புது ஜவ்வும் நிற்காது. எலும்போ ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே ஒவ்வொருவரின் ஸ்கேனையும் வாங்கி, அவருடைய எலும்பின் மேல் மட்டும் கச்சிதமாக உட்காரும் கைடைக் கம்ப்யூட்டரில் வரைந்து பிரின்ட் எடுப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் சாமான். அதில் ஒரு குழாய் இருக்கும். டாக்டரின் டிரில் அதற்குள் நுழைந்துவிட்டால் சாய்வு மாறாது.

மெஷினிலிருந்து வரும்போது கைடு பார்க்கச் சகிக்காது. பிசுபிசுவென்று, அச்சாகும்போது தாங்கிப் பிடித்த முட்டுக் குச்சிகள் சுற்றிலும் ஒட்டிக்கொண்டு வரும். அதை ஸ்பிரிட்டில் அலசி, குச்சிகளை வெட்டி, வெட்டிய இடத்தில் நிற்கும் மருக்களை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பது அக்காவின் வேலை. ஆறு வருடமாகத் தேய்த்ததில் பெயரே உப்புத்தாள் ஆகிவிட்டது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. "பேரு சொரசொரப்பா இருந்தா என்ன, வேலை வழவழன்னு இருக்குல்ல" என்பாள்.

கூடவே நோயாளியின் எலும்பையும் இரண்டு பிரதி அச்சடிப்பார்கள். ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போகும், இன்னொன்று இங்கேயே அலமாரிக்குப் போகும். கைடை அந்த எலும்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பார்ப்பது அக்காவின் வழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கண் திறந்திருந்தால் விரலுக்குக் கவனம் போதாது என்று அவளாகக் கண்டுபிடித்தது.

அன்று காலை மேஜையை ஒழித்துக்கொண்டே, முந்தின நாள் கைடு அனுப்பிய வலது முட்டியின் எலும்புப் பிரதியை அலமாரியில் வைக்க எடுத்தாள். கட்டைவிரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. பயறு அளவுதான் இருக்கும். எப்போதோ அடிபட்டு ஆறிய இடமாக இருக்கலாம்.

எலும்பில் பள்ளம் இருந்தால் கைடில் மேடு இருக்க வேண்டும்.

அந்த மேட்டை அவள் பார்த்திருந்தாள். எலும்பில் படும் உட்பக்கத்தில் ஒரு மரு. சாதாரணமாக உட்பக்கம் முட்டுக் குச்சி வராது. ஆனால் புது சாஃப்ட்வேர் போட்டதிலிருந்து போன வாரமே இரண்டு தடவை வந்திருந்தது, இரண்டையும் அவள்தான் தேய்த்தாள். நேற்று சாயங்காலம் வண்டிக்காரர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவதையும் அதே கணக்கில் சேர்த்துத் தேய்த்துவிட்டாள். எலும்பில் வைத்துப் பார்த்தபோது கைடு உட்காரத்தான் செய்தது. இப்போது யோசித்தால், லேசாக ஒரு பக்கம் திரும்பிக் கொடுத்த மாதிரியும் இருந்தது.

ஆபரேஷன் பதினொரு மணிக்கு. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதேகால்.

போனை எடுத்துக்கொண்டு கழுவும் அறைக்குப் போனாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்பிரிட் சிந்திய இதே தரையில்தான் வழுக்கி விழுந்தாள். ஜவ்வு அறுந்திருக்கும் என்று டாக்டர் காலை அசைத்துப் பார்த்தே சொன்னார்; ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். முதலாளி பத்து நாள் லீவு கொடுத்தார். பதினோராம் நாள் பட்டையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள்.

பஸ் டிப்போவில் டயர் மாற்றிக்கொண்டிருந்த புருஷன் போனை எடுத்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. எனக்கும் என் விரலுக்கும்தான்."

"போன வருஷம் லேபிள் மாத்தி ஒட்டினவரை என்ன பண்ணாங்க?"

"அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

பின்னால் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகு அவர் சொன்னார்: "நீ சொல்லாம வீட்டுக்கு வந்தேன்னு வெச்சுக்கோ, நீயும் தூங்க மாட்டே, என்னையும் தூங்க விட மாட்டே. போய்ச் சொல்லிடு. நடக்கறது நடக்கட்டும்."

"வேலை போச்சுன்னா?"

"போனா வீட்டுல உக்காந்து சட்டியெல்லாம் தேய். அதுங்களும் பளபளன்னு ஆகட்டும்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

டிசைன் செய்யும் பெண்ணை எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளிடம் முதலில் சொன்னாள். கண்ணாடி தன் திரையில் படத்தைச் சுழற்றிப் பார்த்தாள். உட்பக்கத்தில் அந்த மேடு பச்சையாகத் தெரிந்தது.

"ஐயோ அக்கா, அது குச்சி இல்ல. பள்ளத்துல மாட்டிக்கிட்டா கைடு திரும்பாதுன்னு நான்தான் விட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"நீ சொல்லல, நானும் கேக்கல. வா, சார்கிட்ட போவோம்."

முதலாளி கேட்டுக்கொண்டே எழுந்து நின்றார். காது மடல் சிவந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். 'ஆமா டாக்டர்', 'இல்ல டாக்டர்' என்று கொஞ்ச நேரம் போயிற்று. வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நாம அனுப்பின அச்சு எலும்புல அங்க வெச்சுப் பாத்திருக்காங்க. நல்லாத்தான் உக்காந்துச்சாம். அவங்களுக்குச் சந்தேகமே வரல." அவளை ஒரு தடவை பார்த்தார். "நாலு மணிக்கு மாத்தி வெக்கிறாராம். ரெண்டு மணிக்குள்ள புதுசு அங்க இருக்கணும், கிருமி போகக் கொதிநீராவியில வெச்சு எடுக்கணுமாம். என்னம்மா நிக்கிறீங்க? போங்க!"

பிரின்ட் முடிய இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும் என்று மெஷின் சொன்னது. அதட்டினால் சீக்கிரம் வேலை செய்யும் மெஷின் இல்லை. அக்கா அதன் ஆரஞ்சு மூடிக்கு முன்னாலேயே நின்றாள். கண்ணாடி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. உள்ளே தட்டு ஏறியது, இறங்கியது. ஒவ்வொரு தடவையும் தாள் கனத்துக்கு ஒரு படலம் கூடியது. சாப்பாட்டு டப்பா திறக்கப்படவில்லை. எங்கேயோ காலையிலிருந்து பட்டினியாகப் படுத்திருக்கும் ஒருவரை நினைத்தால் சோறு இறங்காது என்றாள். தன் வலது முட்டி வீங்கிக்கொண்டிருந்ததை அவள் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

பன்னிரண்டேகாலுக்குக் கைடு வெளியே வந்தது. அலசினாள், காயவைத்தாள், வெளிச்சப் பெட்டியில் வைத்து இறுகவைத்தாள். வெளிப்பக்கத்துக் குச்சிகளை ஒவ்வொன்றாக வெட்டித் தேய்த்தாள். உட்பக்கத்து மருவைத் தொடவே இல்லை. பிறகு எலும்பில் வைத்து, கண்ணை மூடி, அழுத்தினாள். மரு பள்ளத்துக்குள் இறங்கியது விரலில் தெரிந்தது. திருப்பிப் பார்த்தாள், திரும்பவில்லை. இன்னும் பலமாகத் திருப்பினாள். கைடு அசையவில்லை.

"உக்காந்துடுச்சுடி," என்றாள். கண்ணாடி அவளைக் கட்டிக்கொண்டாள்.

பெட்டி லிஃப்டில் இறங்கியது, வண்டியில் போனது. ஒன்றே முக்காலுக்குச் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அதற்குப் பிறகு அக்கா என்ன தேய்த்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஐந்தே முக்காலுக்கு முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார். முகம் காலையில் பார்த்த முகமாக இல்லை.

"முடிஞ்சுது. கைடு இம்மியும் அசையலையாம். துளை வரைஞ்ச இடத்துலயே விழுந்துச்சாம்."

அக்காவுக்கு அப்போதுதான் பசித்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம கம்பெனி செக்கிங் மாதிரி வேற எங்கயும் பாத்ததில்லைன்னு டாக்டர் சொன்னார்," என்றார் முதலாளி. "இனிமே உட்பக்கத்துல எதைத் தொடறதா இருந்தாலும் டிசைன்ல கேட்டுட்டுத் தொடுங்க. சரியா?"

"சரி சார்." வேலை போகவில்லை. அதைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்பதற்காகவே, "நாளைக்கு வழக்கம்போல வரட்டுங்களா?" என்று கேட்டாள்.

"பின்னே? வராம எப்படி?"

"ஆபரேஷன் ஆன ஆள் யாரு சார்?"

"சைக்கிள் ரேஸ் ஓட்டற பொண்ணாம். ஒன்பது மாசத்துல திரும்ப ஓட்டலாங்கறார்."

"ஓட்டட்டும், ஓட்டட்டும்," என்றாள். மனசு நிறைந்துவிட்டது. புருஷனுக்குப் போன் போட்டு, சட்டிகளுக்கு இப்போதைக்கு யோகமில்லை என்று சொன்னாள்.

கண்ணாடி பையை மாட்டிக்கொண்டே அவள் முட்டியைப் பார்த்தாள். "அக்கா, உங்களுதையும் ஒரு நாள் வரைஞ்சிடுவோம். ஸ்கேன் மட்டும் எடுத்துட்டு வந்துடுங்க."

"கொண்டாறேன், கொண்டாறேன். ரெண்டு வருஷமா அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்." இருவரும் சிரித்தார்கள். அலமாரியில் நாலு வரிசையாக முட்டிகள் இருந்தன. இருட்டில் கொடுத்தாலும் எது எந்தக் கைடுக்கு அச்சடித்தது என்று அக்கா தொட்டே சொல்லிவிடுவாள். லேபிளை நேராக்கிவிட்டு விளக்கை அணைத்தாள்.

"கீழ போறப்போ இந்தப் பெட்டியையும் இறக்கிடும்மா, வண்டிக்காரர் நிக்கிறார்," என்றார் முதலாளி. நாளைய கைடு. அக்கா அதை லிஃப்டுக்குள் நேராக வைத்தாள், சாயாமல் இருக்கிறதா என்று பார்த்தாள், பொத்தானை அழுத்திக் கதவு மூடும்வரை நின்றாள்.

பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இறங்கும்போது மட்டும் கெட்ட காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தாள். ஏழாவது படியில் கொஞ்சம் நின்றாள். கீழே லிஃப்ட் போய்ச் சேர்ந்த மணிச் சத்தம் கேட்டது. அவளுக்கு இன்னும் நாற்பத்தேழு படி இருந்தது.