செம்பில் தண்ணீர் இருந்த கலியாணம்

தொண்ணூற்றேழாம் ஆண்டு கொழும்பு வெள்ளவத்தையில் ஐந்து பெண்களுக்கு நான் அப்பா, என் மனைவி பத்மாவதி அம்மா. எங்களுக்குப் பிள்ளைகளே இல்லை.

சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்தது. பெண்ணின் பெற்றோருக்கு அங்கிருந்து வெளியே வரப் பாஸ் கிடைக்காவிட்டால், கொழும்பில் யாராவது வயதான தம்பதி கன்னிகாதானம் செய்து கொடுப்பது அப்போது வழக்கம். அருந்ததி என்ற யாழ்ப்பாணப் பெண்ணின் உண்மையான கலியாணத்துக்கு அப்படித்தான் செய்தோம். அதைப் பார்த்துவிட்டுக் கொட்டாஞ்சேனை ஏஜென்ட் கொன்ஸ்ரன்ரைன் வந்தான். கனடா மாப்பிள்ளைகளைக் கூலிக்குப் பிடித்து, பொய்க் கலியாணம் செய்து பெண்களை அனுப்புவது அவனுடைய தொழில். அவன் கூப்பிட்டு, பெண்ணின் பெற்றோராக நாலு தடவை போனோம். நல்ல சாப்பாடு. வேறு சாட்டுச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

விசாவுக்குக் கொடுத்த ஐந்து கலியாண அல்பத்திலும் எங்கள் முகங்களையே பார்த்த கனடாப் பொலிஸ்காரர் கொழும்புக்கே வந்துவிட்டார். எங்களைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள்; அவர் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் ஷிப்லி. படிவத்தில் பிள்ளைகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

"அப்ப அஞ்சும் பொய்க் கலியாணம்," என்றார் ஷிப்லி. "அஞ்சு விசாவும் இல்ல."

அருந்ததியின் புருஷன் ரொறன்ரோவில் காத்திருந்தான். அவள் வயிற்றில் ஐந்து மாதம். ஆனாலும் அவளுடையது மட்டும் உண்மை என்று வாயைத் திறந்தால் உள்ளே போவது நாங்கள். பேசாமல் இருந்தேன். வெட்கக்கேடுதான்.

பத்மாவதி அல்பங்களை இழுத்துத் தாரை வார்க்கும் படங்களை வரிசையாக வைத்தாள்.

"செம்பை வடிவாப் பாருங்கோ. இந்த நாலிலயும் தண்ணி விழேல்லை. வெறுஞ் செம்புதான் சரிச்சனான். பொய்க்குத் தாரை வார்த்தால் பாவம். அருந்ததின்ர படத்தில மட்டும் தண்ணி விழுது."

ஷிப்லி மொழிபெயர்த்தார். வெள்ளைக்காரர் பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். பிறகு அருந்ததியின் அல்பத்தை எடுத்துத் தனியாக வைத்தார்.

"மத்த நாலும் தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?" என்று ஷிப்லி கேட்டார்.

"ஓம்," என்றாள் பத்மாவதி. என்னைப் பார்க்கவே இல்லை. நானும் ஓம் என்றேன். கொன்ஸ்ரன்ரைனின் விலாசத்தையும் சொன்னேன்.

"இந்தப் புள்ள ஒங்களுக்கு என்ன மொற?" ஷிப்லி அருந்ததியின் அல்பத்தைக் காட்டினார்.

"தண்ணி ஊத்திக் குடுத்த பிள்ளை. மகள்தான்," என்றாள் பத்மாவதி.

ஷிப்லி கையெழுத்துக்காகப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். 'இல்லை' என்பதை வெட்டிவிட்டு 'ஒன்று' என்று எழுதினேன். பிறகு எங்கள் இருவரையும் உள்ளே கொண்டுபோனார்கள்.