உதடு மூடிய பிறகு வந்த வசனம்

வெளிநாட்டுத் தொடர்களுக்கு டப்பிங் வசனம் எழுதுவது அவள் வேலை. அவள் லேப்டாப்பில் இருந்தது லினக்ஸ். ஸ்டூடியோ புதிதாகக் கொடுத்த மென்பொருளோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். நெட்வொர்க் வேலை பார்க்கும் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

“ரெண்டு வழி இருக்கு அண்ணி. டிஸ்க்கைப் பிரிச்சு ரெண்டையும் தனித்தனியா போடலாம், டூயல் பூட். ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும், மாத்தணும்னா அணைச்சுப் போடணும். இல்லன்னா விர்ச்சுவல் மெஷின். லினக்ஸுக்குள்ளயே ஒரு ஜன்னல்ல விண்டோஸ் ஓடும்.”

“பாகப்பிரிவினைன்னா வக்கீலைல்ல கூப்பிடணும்?” என்றான் கணவன், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் எழுதிய வசனமெல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. “பிரிக்கறப்போ எல்லாம் போயிடுச்சுன்னா? எனக்கு ஜன்னலே போதும் தம்பி.”

“மெமரி கம்மி அண்ணி, திணறும்.”

“திணறட்டும். நான் திணறலையா?”

போட்டுக் கொடுத்தான். ஃபேன் இரைந்தாலும் வேலை நடந்தது. ஒரு எபிசோடு முழுக்க, எந்த வசனம் எந்த நொடியில் என்று குறித்து அனுப்பினாள்.

ஒலிப்பதிவு அன்று, திரையில் கதாநாயகி வாயை மூடிய பிறகும் குரல் கொடுப்பவர் பேசிக்கொண்டிருந்தார். வரிக்கு வரி அதே கதை. சவுண்ட் இன்ஜினியர் நிறுத்தினார்.

“டைம் போட்டது யாருங்க?”

“நான்தான்.” எதில் வைத்துப் போட்டாள் என்பதையும் சொன்னாள்.

“அதான். அந்த ஜன்னலுக்குள்ள உங்களுக்குச் சத்தம் லேட்டா வந்திருக்கு. அதை வச்சே குறிச்சிருக்கீங்க.”

“எனக்கென்ன, பேசிட்டுப் போறேன்,” என்றார் குரல் கொடுப்பவர். “அந்தப் பொண்ணுதான் பாவம், வாயை மூடிக்கிட்டே கத்துது.”

பதிவு தள்ளிப்போனது. அவளால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

‘அப்பவே சொன்னேனே’ என்பான் கொழுந்தன் என்று நினைத்தாள். “மெமரிதான் இடிக்கும்னு நெனச்சேன். சத்தம் இடிக்கும்னு எனக்கும் தோணல அண்ணி,” என்றான் அவன். வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுத்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து பார்த்துவிட்டு அவள் தலையசைத்த பிறகுதான் லேப்டாப் டிஸ்க்கைப் பிரித்தான். ஒரு கோப்பும் போகவில்லை.

விண்டோஸில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து குறித்தாள். இப்போது உதடும் சத்தமும் ஒட்டிப் போயின. ஆனால் பழைய வசனங்கள் லினக்ஸ் பக்கம் இருந்ததால், ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அணைத்துப் போட வேண்டியிருந்தது. சலித்துப்போய்க் கணவனிடம் கேட்டாள்.

“தொடர்ல வர்ற அந்த டாக்டர் கதாநாயகியை நீன்னு கூப்பிடுவானா, நீங்கன்னா?”

ஒரு எபிசோடுகூட ஒழுங்காகப் பார்க்காதவன் யோசித்தான். “கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

“அப்ப நீங்க.”

நம்பாமல் லினக்ஸுக்கு மாறிப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான்.

அடுத்த பதிவு ஒரே மூச்சில் முடிந்தது.