கேட்கும் பக்கம்

1

2024 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.10. இலங்கையில் கரவனெல்லைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லய வீட்டில் இருந்த மடிக்கணினிக்கு, ஒரு கோப்பின் கடைசித் துண்டு வந்து சேரவில்லை.

இந்தக் கதைக்கு மூலம் அவ்வளவுதான். மடிக்கணினிக்குச் சொந்தக்காரியான சுமித்ரா, கேகாலை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்து இதைச் சொன்னாள். கணினிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறுவதற்கான நெறிமுறையை எழுதும் குழு ஒன்றில் வேலை செய்கிறாள். இணைப்பை மூடும் பகுதி அவளுடையது. நான் கேட்டது வேலையைப் பற்றி. அவள் தான் காதலித்த இந்திரகுமாரைப் பற்றியும் சொன்னாள். [இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை.]

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "மழை விட்டிருந்தது. ரப்பர் மரங்களிலிருந்து—"

அன்று மழை பெய்யவேயில்லை. விட்டுவிடுகிறேன்.

இணைப்பை மூட இரண்டு வழிகள் உண்டு. "நான் சொல்லி முடித்துவிட்டேன்" என்று அறிவித்துவிட்டு, மறுபக்கமும் அதையே சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருப்பது ஒன்று. பேச்சின் நடுவில் அறுப்பது மற்றது. சுமித்ரா எழுதியது முதலாவதைப் போலத் தோன்றிய இரண்டாவது. அறிவிக்கும், அறிவித்த கையோடு அறுக்கும். அலுவலகத்தின் வேகமான இணைப்பில் மறுபக்கத்தின் கடைசித் துண்டு எப்போதும் அதற்குள் வந்துவிடும் என்பதால், பிழை யாருக்கும் தெரியவில்லை.

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள், அம்மாவின் போனை ஜன்னலில் வைத்து, அதன் சிக்னலில் தான் எழுதியதைச் சோதித்துப் பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது.

3

மறுமுனையில் கேகாலையில் இருந்தவள் நுஸ்கா, அவளோடு வேலை செய்பவள்.

"நான் முழுசா அனுப்பிட்டன் புள்ள."

"எனக்கு வரல."

"எப்பிடி வரும்? ஒன்ட பக்கம் அறுத்துப் போட்டு ஈக்கு. நான் இன்னும் பேசிக்கிட்டு ஈக்கன்."

"நான் முடிச்சிட்டேன்னு சொல்லிட்டுத்தானே மூடுது?"

"நீ முடிச்சா? நான் முடிக்கல்லயே. நீ ஆக்கள ப்ளொக் பண்ற மாதிரியே கோடிங்கும் எழுதி ஈக்கா."

சுமித்ரா இணைப்பை மூடும் வரிகளைத் திரையில் தேடினாள்.

"சும்மா சொன்னன்டீ."

"தெரியும். வைக்கிறேன்."

4

இந்திரகுமார் அதே தோட்டத்தின் அடுத்த டிவிசன்காரன். ருமேனியாவில் கட்டட வேலை. வருவதாகச் சொன்ன நாளை மூன்றாவது முறையும் தள்ளிப்போட்டபோது, வட்ஸ்அப்பில் அவள் எழுதினாள்: "இனி எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல." அவன் பதில் எழுதிக்கொண்டிருப்பது திரையில் தெரிந்தது. தெரியத் தெரியவே தடைசெய்தாள்.

பதினொரு மாதங்கள் ஆகிவிட்டன. அவன் வேண்டுமா வேண்டாமா என்பதைக்கூட அவளால் முடிவு செய்ய முடிகிறது. அன்றைக்கு அவன் என்ன எழுதிக்கொண்டிருந்தான் என்பதுதான் அவளை விடவில்லை.*

* கோபம்தான் இன்னும் போகவில்லையோ என்று இங்கே அவள் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டேன். "கோவம் போயிருச்சுங்க. அது போகல," என்றாள்.

5

இந்த இடத்தில், ரப்பர் பால்வெட்டப் போகும் அவளுடைய அம்மா ஜெயம்மா, பாலை ஊற்றி எடுத்த பிறகும் மரம் சொட்டும், பால் பிடிக்கும் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டால் பிறகு சொட்டி உறையும் ஒட்டுப்பால் கிடைக்காது என்று சொல்வதாக ஒரு பத்தி எழுதினேன். நல்ல பத்தி. அடித்துவிட்டேன். ஜெயம்மா சொன்னது வேறு.

"அந்தப் பொட்டி இன்னும் சரியாகலயா?"

"ஆயிருச்சும்மா."

"அப்பறம் ஏன் மூஞ்சி இப்பிடி இருக்கு? சோறு ஆறுது. என் போனக் குடு."

சரியாகியிருந்தது. இப்போது அவள் எழுதிய இணைப்பு, மறுபக்கமும் முடித்ததாகச் சொல்லும்வரை கேட்கும். பதிலே வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? முப்பது வினாடி என்று எழுதினாள். அறுபதாக மாற்றினாள். சிக்னல் மோசமான இடங்களுக்காக என்று பக்கத்தில் குறிப்பு வைத்தாள்.

பிறகு தன் போனை எடுத்துத் தடையை நீக்கினாள்.

6

ஒரு முடிவு: பதினொரு மாதச் செய்திகளும் வரிசையாக வந்து விழுகின்றன. எழுத முடியாது. தடை இருந்தபோது அனுப்பியவை, தடை நீங்கினாலும் வருவதில்லை.

இன்னொன்று: அவள் கேட்கிறாள், அவன் சொல்கிறான். மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் இந்திரகுமார் என் குரலில் பேசினான். நான் அவனைப் பார்த்ததேயில்லை. அவன்—

இல்லை. அவன் என்ன எழுதிக்கொண்டிருந்தான் என்பதை வாசகர் சொல்லட்டும். என் பக்கம் முடிந்தது, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது இது. அன்று மாலை அவள் அனுப்பினாள்: "நான் அன்னைக்குச் சொல்லி முடிச்சேன். நீங்க முடிக்கல. என்ன எழுதிக்கிட்டு இருந்தீங்க?"

5.40க்கு ஒரு சரிக்குறி விழுந்தது. 5.52க்கு இரண்டாவது. செய்தி அவனுடைய போனைச் சேர்ந்துவிட்டது.