மச்சானோடு ஏறிய மேடு

காலை ஆறு மணிதான் எனக்குக் கெட்ட நேரம். சிமெண்டு ஆலையில் இரவுக் காவல் முடிந்து வாசலுக்கு வந்தால் எதிரே கடை திறந்திருக்கும். மற்றவர்கள் அங்கே முட்டை போட்ட சூப் குடிப்பார்கள். நான் சோம்புச் சாராயம் குடிப்பேன்.

ஒருநாள் என் மனைவி யாமிலே வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டாள். கொஞ்ச காலம் ஆலையின் உடை மாற்றும் அறையில் படுத்துக் கிடந்தேன். திரும்பச் சேர்த்துக்கொண்டபோது சத்தம் போடாமல் சொன்னாள்:

"இன்னொரு தடவை உங்க மேல அந்த நாத்தம் அடிச்சா பூட்டை மாத்த மாட்டேன். பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஊரையே மாத்திருவேன்."

சுகாதார நிலையத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை குடியை விட்டவர்கள் கூட்டத்துக்கு வரச் சொன்னார். அப்புறம், "ஆசை வர்ற நேரத்துல உடம்புக்கு வேற வேலை குடுங்க. விடாம, தினமும்" என்றார்.

எங்கள் ஊர் சோகமோசோவில் சைக்கிள் இல்லாத வீடு கிடையாது. வேலை முடிந்ததும் கடையைப் பார்க்காமல் மலைப் பாதையில் மிதிக்க ஆரம்பித்தேன். முதல் வாரம் பாதி வழியிலேயே வாந்தி. அதில் நான் திருந்திவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மூச்சு முட்டும்போது வேறு எதையும் நினைக்க முடியாது, அவ்வளவுதான். உச்சிக்குப் போவதற்குள் ஆசை தாண்டிப் போயிருக்கும். வீட்டுக்கு வந்தால் தூக்கம் வரும். கை நடுக்கம்கூடக் குறைந்தது.

ஒரு வியாழக்கிழமை பள்ளத்தில் விழுந்து பின்சக்கரம் வளைந்தது. செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்றான் பட்டறைக்காரன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டில் எதைத் தொட்டாலும் எனக்கு எரிச்சல். அப்போதுதான் யாமிலேயின் அண்ணன் எவெலியோ வந்தான். அடுத்த வீட்டுக்காரன்.

"டாக்டர் விளையாடத்தானே சொன்னாரு? வா மாப்ளே, தேஹோ போடலாம். அதுவும் விளையாட்டுதான். நாட்டுக்கே விளையாட்டு!"

தேஹோவில் இரும்பு வட்டை எறிந்து, களிமண்ணில் பதித்த வெடிமருந்துப் பொட்டலத்தை வெடிக்க வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தக் களத்துக்கு வாடகை கிடையாது. ஒரு பெட்டி பீர் வாங்கினால் அது காலியாகும்வரை களம் உங்களுடையது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் எங்கள் ஊரில் பீரை யாரும் குடியில் சேர்ப்பதில்லை. குடி என்றால் சாராயம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

என் இரண்டாவது வீச்சிலேயே வெடித்தது. எல்லோரும் கத்தினார்கள். யாரோ மூடி திறந்த புட்டியை என் கையில் திணித்தார்கள். சில்லென்று இருந்தது. இன்னும் வாயருகே கொண்டுபோகவில்லை. தொண்டை அதற்குள் விழுங்கிக்கொண்டது. பீர் எனக்கு என்ன என்பது அப்போது தெரிந்துபோயிற்று.

புட்டியை எவெலியோவின் காலடியில் வைத்தேன்.

"நீயே குடி மச்சான்."

"ஏன்டா, பீரும் ஒரு குடியா? பாதிப் பெட்டி உன் பங்குடா!"

"அதையும் சேத்துக் குடி."

சும்மா நின்றால் கை புட்டிக்குப் போகும். அதனால் எல்லோருடைய வட்டுகளையும் பொறுக்கிவர ஆரம்பித்தேன். களத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும், கை நிறைய இரும்போடு.

"சாயந்திரம் கூலி கேட்டு நிக்காதே!" என்றான் ஒருவன்.

"கேட்டா பீராக் குடுத்துரு," என்றான் இன்னொருவன்.

எவெலியோ என் சொல்லைத் தட்டவில்லை, இரண்டு பங்கையும் குடித்தான். கிளம்பும்போது கால் நிற்கவில்லை. வீடு மேட்டில். மழைச் சேற்றில் அங்கே எந்த வண்டியும் ஏறாது. அவனை முதுகில் தூக்கிக்கொண்டேன். அவன் விடாமல் பிடித்திருந்த கடைசிப் புட்டி என் கழுத்தில் கவிழ்ந்தது. சட்டைக்குள் பீர் ஓட, வாயை இறுக மூடிக்கொண்டு ஏறினேன். தொடை நடுங்கியது. பாதி மேட்டுக்கு மேல் அந்த வாடையே எனக்கு உறைக்கவில்லை. அடுத்த மூச்சு கிடைத்தால் போதும் என்றிருந்தது.

யாமிலே கதவைத் திறந்தாள். மூக்கைச் சுளித்தாள். அவள் முகம் இறுகியது. பாதி திறந்த கதவைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஊதுங்க."

"மூச்சு... இல்லடி..."

"ஊதுங்கன்னு சொன்னேன்."

இரைத்துக்கொண்டே ஊதினேன். அவள் என் வாயருகே முகத்தைக் கொண்டுவந்தாள். மறுபடி ஊதச் சொன்னாள்.

முதுகிலிருந்து எவெலியோ முனகினான். "அவன் குடிக்கலடி தங்கச்சி. ரெண்டு வீச்சுக்கு மேல விளையாடவும் இல்ல. இரும்பு பொறுக்கிட்டே இருந்தான், கிறுக்கன்."

யாமிலே நிமிர்ந்தாள்.

"சட்டையை வெளியவே கழட்டிப் போடுங்க. நாளைக்குச் சக்கரம் வராதுல்ல? காலைல என்ன பண்ணப் போறீங்க?"

"நடந்து ஏறுவேன்."

"வெறும் நடை உங்களுக்குப் பத்தாது. இவனையும் தூக்கிட்டுப் போங்க."

அவள் சிரிக்கவில்லை. கதவிலிருந்து கையை எடுத்தாள். அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு, சூப்பைச் சூடாக்க உள்ளே போனாள்.