நாடுகாணி, காலை

கோயில் மணி ஏழு அடித்தபோது ரோஸ்மேரி மூன்றாவது படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கண்காட்சி திறப்பு. மலைப்பாதைகளைப் பற்றிய புகைப்படங்கள். ஊட்டியில் இந்தக் கலைக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலைக்கு அவள் வந்து சில வருடங்களாகின்றன. படங்களைத் துடைப்பாளே தவிரப் பார்ப்பதில்லை. பார்த்தால் வேலை நகராது.

அடுத்த படம் வாசலுக்கு நேரெதிரே இருந்தது. கதவு உயரம். பனிமூட்டம், ஒரு லாரி, டீக்கடை பெஞ்சு. பெஞ்சில் ஓர் ஆள். அவன் மடியில் பன் தின்னும் சிறுவன். கீழே அட்டையில் ‘நாடுகாணி, காலை’ என்று அச்சிட்டிருந்தார்கள். ஈரத்துணியால் லாரியைத் துடைத்தாள். சிறுவனைத் துடைத்தாள். அந்த ஆளின் கால்களுக்கு வந்தாள். அவன் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காலை மற்றதன் மேல் ஏற்றி வைத்திருந்தான். துணி அங்கேயே நின்றது. பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். இடது புருவத்தில் பழைய வெட்டு.

சில்வஸ்டர். அவள் கணவன். ஒன்பது வருடங்களுக்கு முன், குந்தா போகும் வழியில் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் மேல் மண் சரிந்த மழையில் இறந்தவன். படத்தில் அவன் தாடி நரைத்திருந்தது. நரைப்பதற்கு முன்பே இறந்தவன்.

அன்று அவள் கைக்குழந்தை ஷைனாவோடு குன்னூரில் அம்மா வீட்டில் இருந்தாள். மண்ணைத் தோண்டியவர்களுக்கு மற்றவர்களின் உடல்கள் கிடைத்தன, அவனுடையது கிடைக்கவில்லை. பங்குச்சாமியார் சம்மதித்தார். தேய்க்கக் கொடுத்திருந்ததால் தப்பிய அவன் சட்டையைப் பெட்டிக்குள் வைத்து அடக்கம் செய்தார்கள். தலைப்பக்கம் தூக்கியவன் அவன் தம்பி பெனிஸ். கனமில்லாத பெட்டி. வேகமாக நடந்துவிட்டார்கள். “மெதுவா போங்கடா, சாவு ஊர்வலம்” என்று யாரோ அதட்ட வேண்டியிருந்தது.

அவள் கண்ணாடிக்கு அருகில் போனாள். அவன் சட்டையில் மேல் பட்டன் மட்டும் வேறு நிறம். யாரோ ஒருத்தி தேடியெடுத்துத் தைத்திருக்கிறாள்.

பெனிஸ் டாக்ஸி ஓட்டுகிறான். போனில் எதுவும் சொல்லாமல் வரச் சொன்னாள். வந்தவனைப் படத்தின் முன்னால் நிறுத்தினாள். சிலுவை போட்டுக்கொள்வான் என்று நினைத்தாள். அல்லது, அண்ணன் மாதிரியே இருக்குதே என்பான். அவன் அட்டையைப் படித்தான். வாசலைப் பார்த்தான்.

“இத எத்தன நாளைக்கு மாட்டி வெப்பாங்க?” என்றான்.

ரோஸ்மேரி துணியை வாளிக்குள் போட்டாள்.

“பையன் பேரென்ன?”

“அலன்.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தான்.

“அத்தைக்கும் தெரியுமா?”

“அம்மா ரெண்டு தடவ போயிட்டு வந்துச்சுங்க.”

“வேளாங்கண்ணிக்குன்னு போச்சே, அதா?”

அவன் தலையாட்டினான்.

“அப்ப ஷைனா நெத்தியில பூசுன மாதா எண்ணெ?”

“நாடுகாணி போற வழில, கூடலூர்ல வாங்குனதுங்க அண்ணி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது அந்தக் கூடத்தில் எதிரொலித்தது. பெனிஸும் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

குன்னூரில் ஒரு வாட்ச்மேன் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டு ஆள் அனுப்பியபோது, “அண்ணன் கல்லறை ஈரங்கூடக் காயலையே” என்று அழுதவன் இவன். அப்போது நாலு வருடம் ஆகியிருந்தது. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்கி வருகிறவனும் இவன்தான். காற்றில் அணையாமல் கையைக் குவித்து நிற்பான்.

“எப்ப தெரிஞ்சுது?”

“அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணான். அன்னைக்கு அவன் லயன்லயே இல்லீங்க. அவகூட நாடுகாணில இருந்திருக்கான். அவள உட்டுட்டு வர முடியாது, நான் செத்ததாவே இருந்துக்கறேன்னான்.”

“நான் என்னவா இருக்கறதுன்னு ஏதாவது சொன்னானா?”

பெனிஸ் குரலைத் தணித்தான். “ஊடு வந்துச்சில்லீங்க. செத்தவங்க குடும்பத்துக்குன்னு கவர்மெண்ட் குடுத்த ஊடு. இப்ப வாயத் தொறந்தா அதப் புடுங்கிக்குவாங்க. அவனக் கேக்க மாட்டாங்க. கையெழுத்துப் போட்டது நீங்க. புள்ளைய வெச்சுக்கிட்டு எங்க போவீங்க? அம்மாவும் உங்களோடதான இருக்குது.”

“ஆமா. நாந்தான கஞ்சி ஊத்தறேன்.”

“யோசிங்க அண்ணி” என்றான். போகும்போது வண்டியை வெளியே திருப்ப வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

மதியம் கலைக்கூடத்தின் அதிகாரி வனிதா வந்தாள். ரோஸ்மேரி அவள் பின்னாலேயே போனாள்.

“மேடம், அந்தப் படத்த உள்ள ரூம்ல மாட்டிக்கலாமுங்களா?”

“ஏன், அந்த ஆளு உங்கள மொறைக்கிறானா?”

“நடையில இடிக்குதுங்க.”

“உள்ள நுழைஞ்சதும் அதுதான் தெரியணும்னு போட்டோகிராபரே சொல்லிட்டாருங்க. கைய வெக்காதீங்க.” பிறகு நினைவு வந்தவளாக, “நாளைக்கு உங்க பொண்ணு ஸ்கூல்லருந்து பிள்ளைங்க வர்றாங்க, தெரியுமா?” என்றாள்.

தெரியும். ஷைனா இரண்டு வாரமாக அதையே பேசிக்கொண்டிருந்தாள். நன்றாக வரைவாள். வீட்டில் ஜெபப் பீடத்துக்கு மேல் மாட்டியிருக்கும் அப்பாவின் படத்தைப் பென்சிலில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறாள். புருவத்து வெட்டு சரியாக வரவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவாள். அந்த முகம் ரோஸ்மேரியைவிட அவளுக்கு மனப்பாடம்.

ரோஸ்மேரி அன்று வீட்டுக்குப் போனதும் மாமியாருக்குக் கஞ்சி ஊற்றினாள். மாமியார் உப்பு குறைவு என்றாள். ரோஸ்மேரி உப்பு ஜாடியை எடுத்து வைத்தாள். ஷைனாவிடம், “நாளைக்கு லீவு போட்டுரு, மழை வரும்” என்றாள். ஷைனா சிரித்தாள். ஊட்டியில் மழைக்கு லீவு போட்டால் வருடத்தில் பாதி நாள் பள்ளிக்கூடமே இருக்காது என்றாள்.

காலையில் சீஃப் கெஸ்ட் வந்து குத்துவிளக்கு ஏற்றினார். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். வாழ்க்கையின் எளிமை என்று ஏதோ சொன்னார். கை தட்டினார்கள். டீ கொடுத்து முடிந்ததும் பிள்ளைகள் வந்தார்கள். ஈரக் குடைகளும் சாக்ஸ் நாற்றமும் கூடத்தை நிறைத்தன.

ரோஸ்மேரி மாப்போடு போய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள். முதுகில் கண்ணாடி குளிர்ந்தது. சாதாரணமாக நின்றால் அவள் தலை அவன் கழுத்துவரைதான் மறைத்தது. நுனிக்காலில் நின்றாள். கெண்டைக்கால் நடுங்கியது. யாராவது வழி கேட்டால் மாப்பால் காட்டினாள். பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார்கள். கூட்டிப் பெருக்குகிறவள் நிற்கும் இடத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

வரிசையின் கடைசியில் ஷைனா வந்தாள். தோழிகளைப் போகவிட்டு நின்றாள். அம்மாவைப் பார்த்துப் புன்னகைத்தாள். பிறகு அவள் தோளுக்கு மேலே பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள்.

“அம்மா, கொஞ்சம் தள்ளிக்கோ. படம் தெரியல.”